அண்ணி நடந்த நேரம்

அந்த மலைப் பூங்காவில் எந்தப் பலகையைப் படித்தாலும் அதில் எழுதியிருப்பது ஒரே ஒரு மனிதருடைய கால் நடந்த நேரம்தான். அருவிக்கு நாற்பது நிமிடம், மூங்கில் வளைவுக்கு ஒரு மணி பத்து நிமிடம், உச்சிப் பாறைக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று மஞ்சள் பெயின்டில் முத்து முத்தாக எழுதியிருக்கும். அதை நம்பிப் போனவர்கள் பாதி வழியில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எழுதியவனை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு மூச்சு வாங்குவார்கள். எழுதியவருடைய உயரம் ஆறடி இரண்டங்குலம். அதில் பாதிக்கு மேல் கால்.

அவர் பூங்காவின் பாதைப் பிரிவில் அளவுக்காரர். ஒற்றைச் சக்கரம், அதற்கு இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு சின்ன எண் பெட்டி. தரையில் உருட்டிக்கொண்டு போனால் மீட்டருக்கு ஒரு ‘டிக்’ என்று எண்ணிக்கொண்டே வரும். இருபத்து மூன்று வருஷமாக அதை உருட்டிக்கொண்டு காடு முழுக்கச் சுற்றியதில், ஆபீஸில் அவருக்குச் சக்கரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நேரம் பார்க்க அவர் கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கும். அதில் அவருக்கு ஒரு வழக்கம். தண்ணீர் குடிக்க நின்றால் கடிகாரத்தையும் நிறுத்திவிடுவார். ஷூவில் கல் புகுந்தால் நிறுத்திவிடுவார். யாராவது வழி கேட்டால், பதில் சொல்லுமுன் முதலில் கட்டை விரல் பொத்தானை அமுக்கும். “நின்ன நேரம் எப்படிங்க நடந்த நேரமாகும்” என்பது அவர் கட்சி. இத்தனை வருஷத்தில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. பேசுகிற அளவுக்கு அவர் பக்கத்தில் யாரும் நடந்து வந்ததும் இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிதாக ஓர் அதிகாரி அம்மாள் மாற்றலாகி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்த முதல் மாதமே புகார்ப் பெட்டியைத் திறந்து, ஒரு கடிதம் விடாமல் படித்துவிட்டு, சக்கரத்தைக் கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் பூங்காவின் வரைபடம் விரித்திருந்தது. ஒன்பது பாதை, ஒன்பது நிறம்.

“இந்த வருஷத்துல மட்டும் மூணு தடவை ஆளுங்களைத் தேடிப் போயிருக்கோம். மூணு தடவையும் இந்த நீலப் பாதைல. போர்டுல ரெண்டே முக்கால் மணின்னு பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பியிருக்காங்க.”

“ரெண்டு அம்பது மேடம்” என்றார் சக்கரம்.

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். காலிலிருந்து தலை வரை பார்த்து முடிக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

“எல்லாப் பாதையையும் மறுபடி அளக்கப் போறோம். இந்தத் தடவை நீங்க நடக்க வேண்டாம். உக்காந்து வேலை பாக்கற ஆளு, அம்பது தாண்டினவங்க, இந்தப் பூங்காவுக்கு வராதவங்க, யாராவது ஒருத்தர் நடக்கட்டும். நீங்க பின்னால போங்க. முன்னால போகக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது. எதுக்குன்னு சொல்லவும் கூடாது, சொன்னா வேகமா நடப்பாங்க. கடிகாரத்தை நடுவுல நிறுத்தக் கூடாது.”

“சாப்பிட உக்காந்தா?”

“சாப்பாட்டை விட்டுட்டா மலை ஏறுவாங்க? எல்லாம் சேத்துத்தான். அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா அந்தப் பாதை மேப்ல இருக்காது. நீலத்துல இருந்தே ஆரம்பிங்க.”

சக்கரம் வரைபடத்தில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தார். மற்ற எட்டுப் பாதையும் அவர் வருவதற்கு முன்பே இருந்தவை. நீலப் பாதை ஒன்றுதான் அவர் கையால் வெட்டியது. மழையில்லாத மாதங்களாகப் பார்த்து, நான்கு வருஷம் அரிவாளும் மண்வெட்டியுமாக ஒற்றை ஆளாய் நின்று வெட்டினார். எந்த மரத்தைச் சுற்றிப் போவது, எந்தப் பாறையின் தோள்மேல் ஏறுவது என்று ஒவ்வொரு திருப்பமும் அவர் யோசித்து வைத்தது. பிள்ளை பெற்றவன் பிள்ளையைப் பற்றிப் பீற்றிக்கொள்வதுபோல அவர் வெளியே பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் வரைபடத்தை மடிக்கும்போது அந்த நீலக் கோடு மடிப்பில் தேய்ந்துவிடாமல் பார்த்து மடிப்பார்.

சரி, யாரை நடக்கச் சொல்வது? வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிக்காமல் பதில் சொன்னாள்.

“உக்காந்த வேலை, அம்பது தாண்டினவங்க, இங்க வராதவங்க. வேற யாரு, உங்க அண்ணிதான்.”

அண்ணி ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை பார்ப்பவள். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “எந்த வார்டுங்க? லைன்ல இருங்க” என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே வாய். அடுப்பில் பால் பொங்கினால்கூட “லைன்ல இரு, வர்றேன்” என்பாள். ஐம்பத்தாறு வயது, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. யாரிடமும் பேசாமல் அவளால் தெருமுனை வரை போக முடியாது.

“அவங்களா? அவங்க நடந்தா அஞ்சு மணி நேரம் இல்ல, அஞ்சு நாளாகும்” என்றார் சக்கரம்.

“அப்ப உங்களை மாதிரி நாலு காலு இருக்கற ஒட்டகச்சிவிங்கியாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. உங்க மேடம் கேட்டது சாதாரண மனுஷியை.”

அவள் சொன்னது நியாயம் என்பதுதான் அவருக்கு உறுத்தியது. வேகமாக நடக்கிற ஆள் யாரையாவது பிடித்தால் பாதை பிழைத்துப்போகும், பிறகு மூச்சு வாங்கிய இன்னொரு குடும்பத்தை விளக்கோடு தேடப் போக வேண்டியிருக்கும். போனில் அண்ணியைக் கூப்பிட்டார்.

“எங்க பூங்காவைப் பாக்க வர்றீங்களா அண்ணி? ஞாயித்துக்கிழமை லீவுதானே?”

டெலிபோன் போர்டுக்காரி கேள்விக்குக் கேள்வி போட்டாள்.

“நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து முப்பது வருஷமாச்சு. என்னிக்காவது ஒரு நாள் கூப்பிட்டிருக்கியா? உடம்பு நல்லாத்தானே இருக்கு தம்பி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“டாக்டர் ஏதாவது சொன்னாரா? நம்ம ஆஸ்பத்திரிதானே? மறைக்காதே.”

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா.”

“உங்க அண்ணனுக்கு முட்டி வலி, அவர் வரமாட்டார். நான் வர்றேன். முட்டை அவிச்சு எடுத்துட்டு வரவா?”

ஞாயிறு காலை தன் ஸ்கூட்டரிலேயே அண்ணியைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்து, வழக்கம்போல் வாசல் கேட் ஓரமாக வண்டியை நிறுத்தினார். சரியாக ஒன்பது மணிக்குக் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினார். அண்ணி புது ஷூ, பழைய சுடிதார், முதுகில் மருந்துக் கம்பெனி எழுத்துப் போட்ட பை. பையில் ரொட்டி, அவித்த முட்டை, ஆறு ஆரஞ்சு, பிளாஸ்கில் டீ. நாலு அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவனிடம் பேச வேண்டும்.

“உங்க வீடு எந்தப் பக்கம்பா? ஓ, தண்ணித் தொட்டித் தெருவா? அங்க ஒரு நர்ஸ் இருக்காங்களே…”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலிருக்க சக்கரம் மரத்தைப் பார்த்தார்.

முதல் பலகையில், ‘ஓய்வுத் திட்டு – 25 நிமிடம்’ என்றிருந்தது. அண்ணிக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. எதிரே இறங்கி வந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னாள். ஒரு கிழவர் கைத்தடியோடு வந்தார், அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை என்பது வரை கேட்டுவிட்டாள். ஒரு பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் தொப்பி விழுந்து கிடப்பதை அண்ணிதான் பார்த்தாள், எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இருபது அடி இறங்கி ஓடினாள். மறுபடி ஏற வேண்டும் அல்லவா? ஏறினாள், நின்று நின்று.

இன்னொருவர் பின்னால் நடந்து சக்கரத்துக்குப் பழக்கமில்லை. அவர் ஓர் அடி வைத்தால் அண்ணிக்கு இரண்டு அடி. கையிலிருந்த அளவுச் சக்கரம் ‘டிக்’ சொல்லிவிட்டு, அடுத்த ‘டிக்’ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

“என்ன தம்பி, ஆம்புலன்ஸ் பின்னால வர்ற மாதிரி வர்றே? பக்கத்துல வாயேன்.”

“பாதை அகலம் போதாது அண்ணி.”

“யாரு வெட்டினது இதை? ஒத்தை ஆளு போற மாதிரி.”

அவர் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே வந்தார். பெருமை ஒரு பக்கம், சுருக்கென்று தைத்தது ஒரு பக்கம்.

ஒன்றரை மணி நேரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் நீலப் பாதை, இடது பக்கம் மான்கள் தண்ணீருக்குப் போய்ப் போய் உண்டாக்கிய தடம். நீலக் குறி ஒரு பருத்த மரத்தில் பளிச்சென்று இருந்தது. அண்ணி நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். மரத்தையும் பார்த்தாள். பிறகு நிதானமாக இடது பக்கம் நடந்தாள்.

வழி சொல்லலாமா என்று அவர் வாய் திறந்தது, சாதாரண ஆள் வழி தவறினால் அதுவும் அளவில் சேர்த்திதான் என்று மூடிக்கொண்டது. அவளுக்கு என்ன, கண் தெரியவில்லையா? இவ்வளவு பெரிய குறியை எப்படித் தவறவிடுவாள் என்று புரியாமல் பின்னாலேயே போனார். ஐந்தாறு நிமிஷத்தில் தடம் ஒரு சேற்றுக் குட்டையில் முடிந்தது.

“குறியே காணோமே” என்றாள் அண்ணி.

“மரத்துலயே இருந்துச்சே.”

“எந்த மரத்துல?”

திரும்பி வந்து அவர் காட்டினார். அண்ணி அவர் விரல் போன திசையில் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள். அவள் கண் மட்டத்தில் ஒரு கிளை இலையோடு குறுக்கே நின்றது. குறி அதற்கு மேலே, ஆறடி உயரத்தில் இருந்தது. அவர் முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். இலை மட்டும்தான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் காட்டைக் குனிந்து பார்த்ததே இல்லை.

“ஏன் தம்பி, பறவைக்கு வழி காட்டறதுக்கா வரைஞ்சு வெச்சிருக்காங்க?”

பதினோரு நிமிடம் வீண். ஆனால் குறிப்பேட்டில் அதை எழுதும்போது அவருக்கு அண்ணிமேல் கோபம் வரவில்லை. அந்தத் தேடிப்போன மூன்று குடும்பத்தையும் நினைத்துக்கொண்டார். அவர்கள் எல்லோரையும் பிடித்தது அந்தச் சேற்றுக் குட்டைப் பக்கத்தில்தான்.

அதற்குப் பிறகு செங்குத்து. அண்ணி பத்து அடி ஏறுவாள், இடுப்பில் கை வைப்பாள், “லைன்ல இரு” என்பாள். அவர் இருப்பார். அப்படி நின்ற இடங்களில், முதல் தடவையாக, அவருக்குத் தன்னுடைய பாதை காதில் விழுந்தது. கீழே ஓடைச் சத்தம் ஒரு திருப்பத்தில் கேட்கும், அடுத்த திருப்பத்தில் அடங்கிவிடும், அதற்கடுத்ததில் மறுபடி கேட்கும். வெட்டியவரே இதைக் கவனித்ததில்லை. அவர் எப்போதும் ‘டிக் டிக்’ மட்டும் கேட்டவர்.

“நல்ல இடமா பாத்துத்தான் திருப்பம் வெச்சிருக்கான், வெட்டினவன்” என்றாள் அண்ணி, ஒரு பாறையில் சாய்ந்து. “மூச்சு முட்டுதுன்னு நினைக்கறப்ப ஒரு மரம் பிடிச்சுக்க வருது பாரு. மனசு இருக்கறவன்தான். கொஞ்சம் உசரம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.”

ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள்.

உச்சிப் பாறையை எட்டியபோது மணி பன்னிரண்டேகால். அவர் போய்த் திரும்புகிற நேரத்தைவிட அவள் போய்ச் சேர்ந்த நேரமே அதிகம். அகலமான மொட்டைப் பாறை, யானையின் முதுகைப் போலச் சரிந்து கிடந்தது. நாலு பக்கமும் காடு, மேகத்தின் நிழல் அதன்மேல் மெள்ள ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணி ஷூவைக் கழற்றிவிட்டு, சுடுகிற பாறையில் காலை நீட்டி, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இரண்டு நிமிஷம் இருந்தாள் என்று அண்ணனிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

சாப்பிட்டார்கள். முட்டையை உரித்து அவர் கையில் வைத்து, உப்பையும் அவளே தூவினாள். டீயைக் குடித்துவிட்டு, “அஞ்சு நிமிஷம்” என்று பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் மெல்லிய குறட்டை வந்தது.

சக்கரம் மனக்கணக்குப் போட்டார். ஒரு மணிக்கு எழுந்தால்கூட, வந்த வழியே இறங்க இரண்டரை மணி நேரம். ஆறரை மணி நேரம் ஆகிவிடும். முடிந்தது கதை. திங்கட்கிழமை மேடம் ஒரு பேனாவை எடுத்து நீலக் கோட்டை அடித்துவிடுவாள். ஒரு மழைக்காலம் போதும், செடி மூடிவிடும். இரண்டு மழைக்காலத்தில் அவருக்கே இடம் தெரியாது.

அவருடைய கட்டை விரல் கடிகாரத்தின் பொத்தான்மேல் இருந்தது. எப்போது போய் உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியாது, இருபத்து மூன்று வருஷப் பழக்கம் அது. ஒரு அமுக்கு அமுக்கினால் சாப்பாட்டு நேரம் போகும். குறட்டை நேரம் போகும். பேசி நின்ற நேரத்தையும் குறிப்பேட்டில் கழித்துவிடலாம். கேட்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மரமா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

அவர் அண்ணியைப் பார்த்தார். புது ஷூ குதிகாலில் சிவப்பாகக் கடித்திருந்தது. அதைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. இந்தக் குதிகாலை வைத்துக்கொண்டு வந்த நேரம் நடந்த நேரம் இல்லை என்றால், வேறு எது நடந்த நேரம்? விரலை எடுத்துவிட்டார். கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றி, ஓடட்டும் என்று பாறைமேல் வைத்துவிட்டு ஓர் ஆரஞ்சை உரித்தார். விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு அந்த ஆரஞ்சு நன்றாக இனித்தது.

அண்ணி கண் விழித்ததும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

“காலைல இருந்து பிரசவ வார்டுக்கு வெளியில நிக்கற புருஷன் மாதிரி அந்தக் கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தே. இப்ப என்ன, குழந்தை பொறந்துடுச்சா?”

“இல்ல அண்ணி. அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, அது உன் மூஞ்சில ஒட்டியிருக்கு. நான் கேக்கலை.” ஷூவை மாட்டப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். “அது என்ன, பஸ்ஸா?”

பாறையின் பின்பக்கம், வெகு கீழே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு தார்ச்சாலை. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிவப்பு பஸ் போய்க்கொண்டிருந்தது.

“ஆமா. அரை மணிக்கு ஒண்ணு.”

“எங்க போகுது?”

“நம்ம கேட் வழியாத்தான் டவுனுக்கு.”

அண்ணி பஸ்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“அப்ப நாம எதுக்கு வந்த வழியே திரும்பிப் போறோம்?”

“ஏன்னா…” என்று தொடங்கினார் சக்கரம்.

“இந்தப் பக்கம் இறங்க முடியாதா?”

“பாதை இல்லியே அண்ணி. தீத்தடுப்புக் கோடு ஒண்ணு இருக்கு. காட்டுத் தீ தாண்டாம இருக்க மரம் செடியெல்லாம் வெட்டி, பட்டையா விட்டிருப்போம். அது நேரா ரோட்டுக்குப் போகும். வருஷா வருஷம் நான்தான் செதுக்கறேன்.”

“நீ அதுல இறங்கியிருக்கியா?”

“எத்தனையோ தடவை.”

“அப்புறம்?”

“அப்புறம் திரும்ப ஏறி, இந்த வழியா கேட்டுக்கு வந்துடுவேன்.”

“எதுக்கு?”

அவர் தலையைச் சொறிந்தார். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் சொன்னார்.

“ஸ்கூட்டர் கேட்லதானே நிக்குது.”

அண்ணி சிரித்த சிரிப்பில் பாறையடியில் இருந்த ஏதோ ஒரு பறவை பறந்து போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி, மறுபடி சிரித்தாள்.

“அதாவது, இருபது வருஷமா இங்க வர்ற ஜனங்க எல்லாரும் உன் ஸ்கூட்டரை எடுக்கத்தான் திரும்பி நடந்திருக்காங்க.”

பெரியவர்கள் சிறியவர்கள் என்று எத்தனை ஆயிரம் பேர். ஒன்பது பாதையும் அவர் மனதில் ஒவ்வொன்றாக ஓடின. பழைய எட்டையும் ஒழுங்குபடுத்திப் பலகை எழுதியவர் அவர்தானே? எல்லாமே கேட்டில் தொடங்கிக் கேட்டில் முடிந்தன. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் கொஞ்சம் வெட்கமாக, பிறகு அடக்க முடியாமல்.

கடிகாரத்தை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு மணிக்கு அண்ணியோடு புறப்பட்டார். தீத்தடுப்புக் கோடு செங்குத்தாக இறங்கியது. இது குறி போட்ட பாதை இல்லை என்பதால், பின்னால்தான் போக வேண்டும் என்ற விதி இங்கே பொருந்தாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அவர் முன்னால் இறங்கினார். சறுக்குகிற இடத்தில் ஷூ முனையால் மண்ணைக் குத்தி, அண்ணிக்குக் கால் வைக்க இடம் செய்தார். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்று அவள் சக்கரத்தின் கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“இது டிக் டிக்குன்னு என்னவோ சொல்லிட்டே வருது.”

“மீட்டர் எண்ணுது.”

“எண்ணட்டும். உன்னை மாதிரியே ஒரு வேலையத்தான் பாக்குது.”

நேரம் இப்போது தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்தது. இரண்டு மணிக்குள் ரோட்டைத் தொட்டுவிட்டால் பாதை பிழைத்துவிடும். பாதி இறங்கியபோது அண்ணி நின்றாள். ஒரு புதர் முழுக்கக் கருநீலமாகச் சின்னப் பழம்.

“இது சாப்பிடலாமா?”

சாப்பிடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நடந்துவிடுவாள். சக்கரம் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்.

“சாப்பிடலாம் அண்ணி. நல்லா இனிக்கும்.”

அவள் கைநிறையப் பறித்தாள். பிறகு வீட்டிலிருக்கிற முட்டி வலிக்காரருக்கு என்று ஆரஞ்சுத் தோல் இருந்த பையைக் கொட்டிவிட்டு, அதிலும் பறித்தாள். அவரும் பறித்துக் கொடுத்தார், உயரத்தில் இருந்ததையெல்லாம். நாக்கு நீலமாகிவிட்டது இரண்டு பேருக்கும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. கடைசி இறக்கத்தில் அண்ணி ஒரு தடவை உட்கார்ந்து குதிகாலுக்குக் கைக்குட்டையை மடித்து வைத்தாள். “லைன்ல இரு” என்றாள். “இருக்கேன், நிதானமா வாங்க” என்றார் அவர். அந்த நிதானம் அவர் வாயிலிருந்து மனதாரவே வந்தது.

தார்ச்சாலையில் அண்ணியின் கால் பட்டபோது பொத்தானை அமுக்கினார். நாலு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

இரண்டு தடவை படித்தார். பிறகு, எண் பெட்டியைக் கைக்குட்டையால் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார்.

“என்ன, பாஸா?” என்றாள் அண்ணி, மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டு.

“நாலு நிமிஷத்துல பாஸ்.”

“எனக்கா உனக்கா?”

“பாதைக்கு, அண்ணி.”

பஸ்ஸில் ஏறியதும் அவள் கண்டக்டரிடம் அவன் ஊரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை மேடம் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்தாள். ‘டிக்கெட் கிழிப்பவருடன் பேச்சு – 4 நிமிடம்’, ‘தொப்பி – 6’, ‘வழி தவறல், குறி எழுதியவர் தப்பு – 11’, ‘தூக்கம் – 20’, ‘பழம் – 9’. படிக்கும்போது அவள் உதடு ஓரத்தில் என்னவோ துடித்தது. சிரிப்பாக இருக்கலாம், அதிகாரிகளுடைய முகத்தை வைத்துச் சொல்வது கஷ்டம்.

“பாதை பின்பக்கம் இறங்கிடுதே. போர்டுல போய்த் திரும்பன்னு போட முடியாது.”

“போய் இறங்கன்னு போடலாம் மேடம். பஸ் நேரத்தையும் பக்கத்துல எழுதிடலாம்.”

“அந்த இறக்கம் மழையில வழுக்குமா?”

பொய் சொன்னால் ஒரு கேள்வியோடு முடிந்திருக்கும். “வழுக்கும்” என்றார்.

“அப்ப படி வெட்டுங்க. எத்தனை நாளாகும்னு சொல்லாதீங்க, உங்க நேரக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனதும் சொல்லுங்க. அதுவரைக்கும் வெயில் நாள்ல மட்டும் திறந்து வைப்போம். குறியெல்லாம் தோள் உசரத்துக்கு இறக்கணும்.”

“யார் தோள் மேடம்?”

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். “உங்க அண்ணியை இன்னொரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க” என்றாள். “எட்டுப் பாதை பாக்கி இருக்கு.”

அண்ணி வந்தாள். குதிகாலுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்தாள். மூன்றாவது தடவை முட்டி வலிக்காரரையும் ஓய்வுத் திட்டு வரை இழுத்து வந்துவிட்டாள். ஒரு நாள்கூட ஸ்கூட்டரில் வரவில்லை, பஸ்தான். பஸ்ஸில் பேச ஆள் இருக்கும்.

மழை தொடங்குவதற்கு முன் படி வெட்டி முடிக்க வேண்டுமென்று சக்கரம் வாரத்தில் நான்கு நாள் தீத்தடுப்புக் கோட்டில் மண்வெட்டியோடு நின்றார். ஒவ்வொரு படியையும் தன் காலுக்கு வெட்டிவிட்டு, அதைப் பாதியாகக் குறைத்தார். இப்போது இரண்டு படிக்கு ஒரு முறை நிமிர்ந்து ஏரியைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு நாள் மத்தியானம் மேலேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பிடித்துக்கொண்டே சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள், யார் தண்ணீர்ப் பாட்டிலைப் பாறையில் மறந்துவிட்டு வந்தது என்று. நீலப் பாதையில் மேலே ஏறி, முழுக்க நடந்து, பின்பக்கம் இறங்குகிற முதல் ஆட்கள். சக்கரம் மண்வெட்டியை ஊன்றி நின்று, தன் தண்ணீரை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“பஸ் நிக்கற இடத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்ணே?” என்று கேட்டான் அவன்.

இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு நிமிஷக் கணக்கில் பதில் சொல்லியிருக்கிறார். இப்போது அவர்களுடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பெண் பாட்டிலை மூடிக்கொண்டே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கக் காத்திருந்தாள்.

“நீங்க பேசிட்டே போவீங்களா, பேசாமப் போவீங்களா?” என்றார் சக்கரம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேசிட்டேதான்” என்றாள் அவள்.

“அப்ப அடுத்த பஸ்ஸுக்கு அடுத்த பஸ். அதுல உக்கார இடம் கிடைக்கும். நிதானமாப் போங்க.”